அரசு பஸ்ஸுக்குக் கூவுகிறவர்

செபாஸ்டினுக்குச் சீட்டு கிழிந்துவிட்டது என்று காரிமங்கலம் சந்தை முழுக்கப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், அதே சந்தை வாசலில், அரசு பஸ்ஸின் பின்படியில் ஒற்றைக் காலில் தொங்கியபடி, வண்டியின் விலாவில் படபடவென்று அறைந்து, "தர்மபுரி தர்மபுரி தர்மபுரியே! எடம் இருக்கு, காத்து வருது, வாங்க வாங்க!" என்று கூவிக்கொண்டிருந்தார் செபாஸ்டின். வேலை போன மனிதர் இப்படிக் கூவுவாரா என்று தக்காளிக் கூடைக்காரரிடம் கேட்டால், "ஆர்டரு இன்னும் கைக்கு வரலீங்க. அதான் வாய் ஓயல" என்றார் சாவதானமாக.

பேச்சு மூன்று விதம். தனியார் பஸ் முதலாளியிடம் கை நீட்டிவிட்டு, அந்த வண்டி ஆட்களை அரசு பஸ்ஸில் ஓசியில் ஏற்றிப்போனார் என்பது ஒன்று. தனியார் கண்டக்டரின் பையிலிருந்து இவர் பைக்குப் பணம் மாறியதைக் கண்ணால் கண்டவர்கள் உண்டு என்பது இன்னொன்று. செக்கிங் இன்ஸ்பெக்டர் மாயவன் நடுரோட்டிலேயே மெமோ எழுதிக் கொடுத்துவிட்டார் என்பது மூன்றாவது. விசாரித்துப் பார்த்ததில் மூன்றும் முக்கால்வாசி உண்மை. மிச்சக் கால்வாசியில்தான் ஒரு மனிதரின் சோறு இருந்தது.

செபாஸ்டினுக்கு முப்பத்தைந்தை ஒட்டிய வயது. காக்கிச் சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று தேட வேண்டிய உடம்பு. கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியக் கயிறும் விசிலும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். "மாதாவே" என்று உருக்கமாக இழுத்தால் சில நாள் கையோடு விசில் வரும். கண்டக்டர் உட்கார்ந்து போவதற்கென்று அரசாங்கம் பஸ்ஸில் ஒரு சீட்டு போட்டிருக்கிறது. அந்தச் சீட்டில் புளி மூட்டை உட்கார்ந்து பார்த்திருக்கிறோம், சேவல் உட்கார்ந்து பார்த்திருக்கிறோம், அழுகிற குழந்தைகள் உட்கார்ந்து பார்த்திருக்கிறோம். செபாஸ்டின் உட்கார்ந்து பார்த்ததில்லை. வண்டி நின்றால் முதலில் குதிப்பவர் அவர். யாருடைய மூட்டை என்று கேட்காமல் தூக்கி மேலே எறிந்துவிட்டு, ஏறுகிற கிழவிக்குக் கை கொடுத்துவிட்டு, வண்டி நகர்ந்த பிறகு நாலு எட்டு ஓடித் தொற்றிக்கொள்வார்.

கடத்தூர்ப் பக்கத்துக்காரர். அப்பா சவரிமுத்து மானாவாரிக் காட்டை வைத்துக்கொண்டு வருஷா வருஷம் மழையை எதிர்பார்த்தவர். மகன் மாசா மாசம் வருகிற ஒன்றை எதிர்பார்க்க ஆசைப்பட்டார். அது கிடைக்கும்வரை கிருஷ்ணகிரி ரோட்டில் ஓடும் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர் வேலை. ஊருக்குள் அதற்குப் பச்சை வண்டி என்று பெயர். பச்சை வண்டியில் கண்டக்டருக்கு தினச் சம்பளம் கொஞ்சம், வசூலில் ஒரு பங்கு பேட்டா. முதலாளி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். வண்டி ஓடும்போதே ஜன்னல் ஜன்னலாகத் தலையை எண்ணிவிடுவார். "என்னடா செபாஸ்டினு, வண்டி காத்தாடுது?" என்பார். அதற்கு மேல் திட்ட மாட்டார். மறுநாள் வர வேண்டாம் என்பதையும் அதே குரலில்தான் சொல்வார் என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால், திட்டத் தேவையில்லை.

எம்ப்ளாய்மென்ட் கார்டு பழுத்து மஞ்சளாகி, ஒருவழியாக அரசு பஸ்ஸில் இடம் கிடைத்தது. முதலில் தினக்கூலி. தவறு எதுவும் இல்லாமல் குறிப்பிட்ட நாளை ஓட்டி முடித்தால் பர்மனென்ட். ஒரே ஒரு புகார் வந்தாலும் வந்த வழியே திரும்பலாம். அதனால் செபாஸ்டின் வீட்டில் எல்லாமே பர்மனென்டுக்குக் காத்திருந்தன. ஓடு மாற்றுவது, மூத்தவளுக்குத் தோடு, மனைவி ராஜமேரியின் வேளாங்கண்ணி வேண்டுதல், எல்லாம் "ஆவட்டும், பர்மனென்ட் ஆவட்டும்." தெருவில் கிடந்த நாய்க்குட்டி ஒன்றைப் பிள்ளைகள் தூக்கி வந்தார்கள். "பர்மனென்ட் ஆனதும் பேர் வெச்சிக்கலாம்" என்றாளாம் ராஜமேரி. நாயும் பெயரில்லாமல் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

பர்மனென்டுக்குக் காத்திருக்கிறவர்கள் அடக்கமாக இருப்பார்கள். அதுதான் வழக்கம். செபாஸ்டினோ பச்சை வண்டிக் குரலை அப்படியே அரசு பஸ்ஸுக்குக் கொண்டுவந்துவிட்டார். டிப்போவில் இது ஒரு சங்கடமாகப் போய்விட்டது. "தோழர், நம்ம வண்டிக்கு யாராவது கூவுவாங்களா? ரெண்டு சீட்டு காலியாப் போனா அரசாங்கம் இடிஞ்சா விழுந்துரும்?" என்று தொழிற்சங்கத்துக்காரர் அன்பாகக் கண்டித்தார். "முன்னாடி பேட்டாவுக்கு ஓடின. அதுல அர்த்தம் இருக்குது. இப்ப யாருக்குய்யா ஓடுற?" என்று ஒரு சீனியர் கண்டக்டர் வெளிப்படையாகவே கேட்டார்.

செபாஸ்டின் தலையைச் சொறிந்துவிட்டுச் சொன்ன பதில்: "ஓடலன்னா கால் மரத்துப்போவுதுங்க."

ஜனங்கள் இதை நம்பவில்லை. பென்ஷனுக்காக நடிக்கிறான் என்றது டீக்கடை. பழைய முதலாளி மேல் இருக்கிற கோபத்தில் அவருடைய ஆட்களையெல்லாம் இழுத்து ஏற்றுகிறான் என்றது வெற்றிலைக் கடை. பழக்கதோஷம், மூன்று மாதத்தில் சரியாகிவிடும், நாமெல்லாம் சரியாகவில்லையா என்றது டிப்போ.

அந்தக் கடைசிக் கருத்துக்கு உயிருள்ள சாட்சி, செபாஸ்டினுக்கு வாய்த்த டிரைவர் கருப்பண்ணன். சர்வீஸில் பழுத்தவர். தோளில் ஒரு துண்டு, சீட்டில் ஒரு துண்டு. காரிமங்கலத்தில் டீ வாங்கினால் அது தானாக ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் குடிப்பார். அவர் எந்த வண்டியையும் முந்தியதாகச் சரித்திரம் இல்லை. பயணிகள் அவசரப்பட்டால், "அவசரம்னா நடந்து போங்கப்பா, நான் பின்னாடியே வர்றேன்" என்பார்.

இந்த இருவரையும் ஒரே வண்டியில் போட்டவர் யாரோ, டிப்போவில் வேலை செய்கிற நகைச்சுவையாளர்.

"ண்ணா, பச்சை வண்டி முன்னாடி போறாண்ணா. கொஞ்சம் மிதிங்கண்ணா!" என்று பின்னாலிருந்து செபாஸ்டின் கெஞ்சுவார்.

"போவட்டும். அவனுக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருக்குதில்ல."

"அடுத்த நிறுத்தத்து ஆளுங்கள எல்லாம் அள்ளிக்குவாண்ணா!"

"வேகமாப் போனா ஒண்ணாந் தேதி சீக்கிரம் வருதா தம்பி? அந்த விசில வாயிலருந்து எடு. இப்படியே கடிச்சிக்கினு இருந்தா பல்லு எடுப்பா வந்துரும்."

செபாஸ்டின் பல்லைக் கடிப்பார். விசிலும் நடுவில் இருப்பதால் அது 'கீச்' என்று ஒரு தடவை அழும்.

போன மாதம், ஒரு சந்தை நாள் சாயங்காலம். வழக்கம்போலப் பச்சை வண்டி முன்னால் போய்விட்டது. அரசு பஸ் ஊர் எல்லையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும், ரோட்டோரத்தில் பச்சை வண்டி புகை விட்டுக்கொண்டு நின்றது. கூடை, மூட்டை, கோழி, ஓர் ஆடு சகிதம் ஜனங்கள் கீழே இறங்கி நின்றிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் நடுரோட்டில் கையை நீட்டிக்கொண்டு நின்றவன் தர்மன். செபாஸ்டின் விட்டுவந்த இடத்தில் இப்போது வேலை பார்க்கிற பையன். செபாஸ்டினிடமே தொழில் கற்றவன்.

தனியார் வண்டிக்காரர்களுக்குள் ஒரு மரியாதை உண்டு. எவன் வண்டி ரோட்டில் படுத்தாலும், அடுத்து வருகிற வண்டி அதன் ஆட்களை ஏற்றிக்கொள்ளும். ஏறியவரிடம் மறுபடி காசு கேட்பது கேவலம். படுத்த வண்டியின் கண்டக்டர் தலைக்கணக்கைச் சொன்னால் போதும். முதலாளிகள் பிற்பாடு தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள்.

"ண்ணா, பதினேழு பேருண்ணா" என்றான் தர்மன்.

"பதினேழு, ரைட்!" என்றார் செபாஸ்டின். ஆட்டைத் தூக்கி உள்ளே விட்டார். கடைசியாக தர்மனையும் இழுத்துப் போட்டுக்கொண்டு இரட்டை விசில் கொடுத்தார். உள்ளே ஒரே குசலம். எல்லாம் பழைய வாடிக்கை. "ஏம்ப்பா செபாஸ்டினு, எளைச்சிட்டியே, கவர்மென்டுல சோறு போடலியா?" என்றாள் வேர்க்கடலை விற்கிற சென்னம்மாள். "போடறாங்க ஆயா, ஒக்காந்து திங்கத்தான் நேரமில்ல." பஸ்ஸே சிரித்தது. செபாஸ்டினுக்குக் கல்யாண வீட்டுக்கு வந்தது போலிருந்தது.

டிரைவர் கண்ணாடியில் கருப்பண்ணன் பார்த்தார்.

"தம்பி, ஏறினவங்களுக்கு டிக்கெட் கிழிச்சியா?"

"அவங்ககிட்ட இருக்குதுண்ணா."

"என்ன டிக்கெட்டு?"

"பச்சை வண்டி டிக்கெட்டுண்ணா."

கருப்பண்ணன் கண்ணாடியிலிருந்து பார்வையை ரோட்டுக்குத் திருப்பினார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "நீ இப்ப எந்த வண்டில வேலை பாக்குற?"

சிரித்துக்கொண்டிருந்த செபாஸ்டினின் வாய் அப்படியே நின்றது. அரசு பஸ்ஸில், கட்டணம் மாறுகிற அடுத்த ஸ்டேஜ் வருவதற்குள், இடையில் ஏறிய எல்லோருக்கும் டிக்கெட் கிழித்து முடித்திருக்க வேண்டும். முடிக்காமல் ஸ்டேஜைத் தாண்டினால் அது மறதி அல்ல, திருட்டு. அதிலும் தினக்கூலி கண்டக்டர். பர்மனென்டுக்கு இன்னும் சில வாரமே பாக்கி. அடுத்த ஸ்டேஜ் நேர்ரோட்டின் கடைசியில் தெரிகிற புளியமரம். அதன் நிழலில் குடையும் வெள்ளைச் சட்டையுமாக ஓர் உருவம். அந்தப் பக்கத்து ரோட்டில் யாரும் குடையோடு சும்மா நிற்பதில்லை.

"செக்கிங் மாயவன்" என்றார் கருப்பண்ணன்.

"சேசு மரி சூசை" என்றார் செபாஸ்டின்.

அப்போதுதான் பஸ்ஸில் இருந்தவர்கள் ஒரு மாறுதலை உணர்ந்தார்கள். ஏற்கெனவே மெதுவாகப் போய்க்கொண்டிருந்த வண்டி, இன்னும் மெதுவானது. தேங்காய் மூட்டை கட்டிய சைக்கிள்காரர் ஒருவர் பஸ்ஸை முந்திக்கொண்டு போனார். போகும்போது உள்ளே எட்டிப் பார்த்து, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

"பையத் தொற" என்று தர்மனிடம் கையை நீட்டினார் செபாஸ்டின். "இவங்க காச எடு. நான் டிக்கெட் கிழிக்கணும்."

தர்மன் பையை மார்போடு கட்டிக்கொண்டான். "ண்ணா, மொதலாளி கேட்டா நான் என்னான்னு சொல்வேன்? உங்களுக்குத் தெரியாததாண்ணா? வசூலு கொறைஞ்சா நாளைக்கு வராதன்னுருவாரு."

தெரியாமல் என்ன. அந்த நாற்காலியும் அந்தக் குரலும் செபாஸ்டினுக்குக் கனவில்கூட வரும். நீட்டிய கை தானாகக் கீழே இறங்கியது. ஒருவன் வேலையைப் பிடுங்கி இன்னொருவன் வேலையைக் காப்பாற்றுவதா என்று அவர் யோசித்தாரோ என்னவோ, பயணிகள் பக்கம் திரும்பினார்.

"இன்னொருக்கா காசு குடுக்க நான் என்ன மிட்டாதாரா?" என்றாள் சென்னம்மாள், அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே. பிறகு எழுந்து தர்மனிடம் போனாள். "ஏண்டா, தர்மபுரி வரைக்கும் கொண்டாந்து உடறேன்னுதான எங்ககிட்ட வாங்கின? பாதியில எறக்கி உட்டுட்டியே. பையில இருக்கறது உன் மொதலாளி காசில்ல, எங்க காசு. கேட்டா சென்னம்மா புடுங்கிக்கிட்டான்னு சொல்லு. வந்து என்கிட்ட கேக்கட்டும், கடலைய வறுக்கற கரண்டி வெச்சிருக்கறேன்." சொல்லிக்கொண்டே பைக்குள் கையை விட்டுவிட்டாள்.

வெளியே, ரோட்டோரம் நின்று மேய்ந்துகொண்டிருந்த ஆட்டு மந்தை ஒன்றைக் கண்டு கருப்பண்ணன் வண்டியை நிறுத்தினார்.

"அதுங்க ரோட்டத் தாண்டலீங்க டிரைவரே, மேயுதுங்க" என்றார் முன்சீட்டுக்காரர்.

"தாண்டும். அதுங்களுக்கும் ஒரு ரோசனை இருக்கும்ல."

ஆடுகள் யோசித்தன. உள்ளே செபாஸ்டினின் விரல்கள் நாக்குக்கும் டிக்கெட் கட்டுக்குமாகப் பறந்தன. சர்சர்ரென்று கிழித்துக் கைகளில் திணித்தார். சென்னம்மாள் தர்மனின் பையிலிருந்து எடுத்து எடுத்துக் கொடுத்தாள். தர்மன் தனக்கும் ஒன்று வாங்கினான். பிறந்ததிலிருந்து அவன் பஸ்ஸில் டிக்கெட் வாங்கியது அதுதான் முதல் தடவை.

ஆடுகள் கடைசிவரை தாண்டவில்லை. கருப்பண்ணன் வருத்தத்தோடு வண்டியை எடுத்தார். கொஞ்ச தூரத்தில் மறுபடி நிறுத்தி, குடத்தோடு இறங்கிப் போய், கேட்காத இன்ஜினுக்குத் தண்ணீர் ஊற்றினார். துண்டால் கையைத் துடைத்தார். விளக்குகளைத் துடைத்தார். வண்டி நம்பரையும் துடைத்தார். புளியமரத்தடியில் வெள்ளைச் சட்டை பொறுமையிழந்து ரோட்டுக்கு நடுவில் வந்து நின்றது.

"முடிஞ்சுதாடா?" என்றார் ஏறி உட்கார்ந்து, திரும்பாமலேயே.

"ஆடு பாக்கிண்ணா!"

தனியார் வண்டியில் ஆட்டுக்கு டிக்கெட் கிடையாது. அரசு பஸ்ஸில் அது லக்கேஜ், எட்டணா. ஆட்டுக்காரர் மடியை உதறிக் காட்டினார். "இருந்ததெல்லாம் இதுக்கே போச்சுங்க." ஆட்டுக்கு எங்கள் வண்டியில் வாங்கவே இல்லையே, நான் ஏன் கொடுக்க வேண்டும் என்று தர்மன் நியாயம் பேசினான். செபாஸ்டின் தன் சட்டைப்பையைத் தொட்டார். தொட்ட கையை எடுத்துவிட்டார். வண்டி எடுக்கும்போதே கண்டக்டர் தன் சொந்தக் காசு எவ்வளவு என்று எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அதில் எட்டணா குறைந்தாலும் அது தனி வம்பு. புளியமரம் ஜன்னலை நெருங்கிக்கொண்டிருந்தது. மாயவன் கையைத் தூக்கிவிட்டார்.

டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருக்கும் கம்பி வழியாக ஒரு எட்டணா பறந்து வந்து, உருண்டு, ஆட்டின் காலடியில் நின்றது.

மாயவன் ஏறினார். தலையை எண்ணினார். டிக்கெட்டைப் பார்த்தார். மறுபடி தலையை எண்ணினார். எல்லாம் ஒரே எச்சில் ஈரத்தோடு, வரிசை மாறாமல் இருந்தது. ஆட்டைக் கேட்டார், ஆட்டுக்காரர் பெருமையோடு டிக்கெட்டை நீட்டினார். சென்னம்மாள் கையில் இரண்டு டிக்கெட் இருப்பதைப் பார்த்து, "இது என்னாம்மா, பச்சை வண்டி டிக்கெட்டு?" என்றார்.

"ஆமா சாமி. அதுலயும் வாங்கினேன், இதுலயும் வாங்கினேன். வாங்கக்கூடாதுன்னு சட்டம் இருக்குதா?"

மாயவனுக்குச் சட்டம் முழுவதும் தெரியும். அப்படி ஒன்று இல்லை. செபாஸ்டினின் பையைக் கொட்டி எண்ணினார். சரியாக இருந்தது. எங்கேயோ எதுவோ நடந்திருக்கிறது என்று அவர் மூக்குக்குத் தெரிந்தது. காகிதத்தில் அது இல்லை. இறங்கிப் போய் டிரைவர் பக்கம் நின்றார்.

"ஏன்யா இவ்வளவு லேட்டு? அங்க நிக்கறதும் வர்றதுமா, என்ன நாடகம்?"

"வண்டி சூடாயிருச்சுங்க சார்."

மாயவன் பானெட்டைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார். ஓடுகிற வண்டியின் பானெட் எப்போது குளிர்ந்திருக்கிறது? ஆனாலும் மெமோ எழுதினார், வண்டி தாமதத்துக்கு, டிரைவர் பேரில். கருப்பண்ணன் அதைச் சந்தைச் சுங்கச் சீட்டு மாதிரி வாங்கி மடித்து, சீட்டுத் துண்டுக்கு அடியில் வைத்தார். அங்கே ஏற்கெனவே பல இருந்தன.

வண்டி நகர்ந்தது. செபாஸ்டின் அன்றைக்குத்தான் கண்டக்டர் சீட்டில் உட்கார்ந்தார். அதில் இருந்த கடலை மூட்டையை சென்னம்மாளே எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தர்மபுரி வரும்வரை அவர் யாரையும் கூவி அழைக்கவில்லை. வழியில் இரண்டு நிறுத்தத்து ஜனங்கள், சத்தம் கேட்காததால் இது அரசு பஸ்ஸாக இருக்காது என்று நினைத்து ஏறாமல் நின்றார்கள்.

தர்மபுரியில் தர்மனைப் பச்சை வண்டி முதலாளி பிடித்துக்கொண்டார். "நம்ம காச எடுத்து கவர்மென்ட் கண்டக்டர் பையில கொட்டினியா?" என்று அவர் போட்ட சத்தம்தான் சந்தைவரை வந்து, வரும் வழியில் மூன்றாகப் பெருகியது. ஆனால் தர்மனை அவர் வேலையை விட்டு நிறுத்தவில்லை. பச்சை வண்டியில் ஏறினால் நடுவழியில் விட மாட்டார்கள், அரசு பஸ் டிக்கெட்டே வாங்கிக் கொடுத்து அனுப்புவார்கள் என்று சென்னம்மாள் ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். அடுத்த சந்தைக்கு முதலாளியின் வண்டியில் கூட்டம் கூடிப்போயிற்று. இப்போது அது தன்னுடைய யோசனைதான் என்கிறார்.

ஆனாலும் டிப்போவிலிருந்து ஆர்டர் வரும்வரை செபாஸ்டின் தூங்கவில்லை. மாயவனின் மூக்கு என்ன எழுதியதோ என்ற பயம். சென்ற வாரம் கூப்பிட்டு அனுப்பினார்கள். ராஜமேரி செபமாலையோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்தவர் செருப்பைக் கழற்றினார், தண்ணீர் குடித்தார், பிறகு நாய்க்குட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "இதுக்கு என்ன பேர் வெக்கலாம்?" என்றார். அவள் அழுதுவிட்டாள். நாய்க்கு மெமோ என்று பெயர். கூப்பிட்டால் வருவதில்லை. அதுவும் பர்மனென்ட் என்கிறார்கள் பிள்ளைகள்.

"இனிமேலாச்சும் ஒக்காந்து போவீங்களா?" என்று கேட்டாளாம் ராஜமேரி.

"ஒக்காந்தா கால் மரத்துப்போவுது மேரி."

ஆக, பர்மனென்ட் ஆன செபாஸ்டின் இன்றைக்கும் பின்படியில்தான் தொங்குகிறார். கருப்பண்ணனிடம் போய், அன்றைக்கு ஏன் அப்படிச் செய்தீர்கள், அந்த ஆளால் உங்களுக்கு ஒரு மெமோதானே மிச்சம் என்று கேட்டுப் பார்த்தோம். "வண்டி சூடாயிருச்சுங்க" என்றார்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் இன்னும் தீரவில்லை. தினமும் காரிமங்கலத்தில் செபாஸ்டின் ஒரு எட்டணாவைக் கொண்டுபோய் டிரைவர் பக்கத்து பானெட்டின் மேல் வைக்கிறார். "ஆட்டுக் காசுண்ணா." கருப்பண்ணன் டீ கிளாஸைப் பிடித்த கையின் சுண்டு விரலால் அதைத் திருப்பித் தள்ளிவிடுகிறார். "இருக்கட்டும் தம்பி. இப்ப என்ன அவசரம்?"

இன்றைக்கும் அப்படித்தான். பச்சை வண்டி முன்னால் கிளம்ப, தர்மன் படியில் தொங்கியபடி கையை ஆட்டிக்கொண்டு போனான். செபாஸ்டின் விசிலைக் கடித்துக்கொண்டு, வண்டியின் விலாவில் அறையக் கையை ஓங்கினார். டீயில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. ஓங்கிய கை இறங்கி, தள்ளிவிடப்பட்ட எட்டணாவை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டது. பிறகு விசிலை வாயிலிருந்து எடுத்து, சட்டை நுனியில் துடைத்து, உத்தரியத்தின் பக்கத்தில் தொங்க விட்டார்.